வலது கை மடியில்

அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. விசில் இல்லை, பூனையும் இல்லை, பூனைக்கு இவ்வளவு நீள மூச்சு கிடையாது. மெல்லத் தொடங்கி, ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, பிறகு யாரோ பிடியை விட்டதுபோல இறங்கி வருகிற ஒற்றைச் சத்தம். இருட்டி அரைமணிகூட ஆகியிருக்காது, அதற்குள் இந்த மைதானத்தில் மனுஷ நடமாட்டமே இல்லாமல் போய்விடுகிறது, யுத்தகாலத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன ஓடுதளமும் உடைமரங்களும் ஆடிக்காற்றும் நானும் என் பிள்ளையும்தான் மிச்சம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். விமானத்தில் இன்ஜினை அடக்கிவிட்டு இறங்கும்போது இறக்கையைத் தாங்குகிற கம்பியில் காற்று உரசுமே, அதே சத்தம். ஆனால் பறக்கும் கிளப்பில் இருக்கிற ஒரே விமானம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் கட்டிக் கிடக்கிறது, காலையில் நானும் எனக்குப் பறக்கச் சொல்லித்தருகிற பிரின்சியும்தான் வாலைப் பிடித்துத் தள்ளி உள்ளே விட்டோம், அது தானாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து பயிற்சிக்காக நான் தங்கியிருக்கிற இந்த வீட்டுக்கு மேலே சுற்றாது. அப்படியென்றால் எது. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், வலது கை ஜொவியின் நெஞ்சுமேல், பச்சைச் சேலை மடிப்புக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. கையை எடுக்காமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறேன். அடுப்படி தாண்டிப் பின்கதவு. இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது, அந்த இடுக்கில்தான் காற்று ஊதுகிறது. தாழ்ப்பாள் போடவில்லை. கீல் தளர்ந்து கதவு ஒரு பக்கம் இறங்கிவிட்டது, தனியாகத் தள்ளினால் தாழ்ப்பாள் ஓட்டைக்குக் கீழே போய் முட்டும், அதனால் தினமும் ஜொவியைப் பார்த்துக்கொள்கிற சண்முகக்கனி அக்கா போகும்போது வெளியே நின்று கதவைத் தூக்கிப் பிடிப்பாள், நான் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் தள்ளுவேன், “விழுந்திட்டாம்மா?” என்பாள், “விழுந்திட்டுக்கா” என்பேன், அப்புறம்தான் அவள் செருப்புச் சத்தம் நகரும். இன்றைக்கு அவள் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, நாலு மணிக்கே போய்விட்டாள். போகும்போது பிள்ளை என் இடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். “நீ பெறவு போட்டுக்கிடும்மா, ரெண்டு கையும் வேணும், தோளைக் குடுத்துத் தூக்கு, விழுந்திரும்.” ரெண்டு கையும் வேணுமாம். என்னிடம் இருப்பது ஒன்றரைக் கை. மிச்சம் எப்போதும் இங்கே இருக்கிறது, இந்த நெஞ்சுமேல்.

பாழாய்ப்போன கை. இன்றைக்குக் காலையில் ஏழு தடவை, ஏழு தடவையும் இந்தக் கைதான். நாளைக்கு ஆறு மணிக்கு மதுரையிலிருந்து தேர்வாளர் வருகிறார், மூன்று முறை இன்ஜின் இல்லாமல் இறங்கிக் காட்ட வேண்டும், ஓடுதளத்தின் குறுக்கே சுண்ணாம்பில் போட்ட இரண்டு கோட்டுக்குள், இன்ஜினுக்கு வேகம் கொடுக்கிற த்ராட்டிலைத் தொடாமல். ஏற்கெனவே இரண்டு தடவை முடியாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மூன்றாவதும் போனால் கிளப்பின் கணக்கில் நான் புதிதாக வந்தவள், கல்யாணத்துக்கு முன்னால் பறந்த நூற்று அறுபது மணி நேரத்தை மறந்துவிட்டுப் பட்டியலின் கடைசியில் போய் நிற்க வேண்டும், பட்டியல் இரண்டு வருஷ நீளம். இரண்டு வருஷம் கழித்து யார் என்னைத் திரும்பக் கூட்டி வருவார்கள், நானே வருவேனா. இத்தனைக்கும் பெரிய விமானம் ஒன்றும் இல்லை, என் அப்பாவைவிட வயசான இரண்டு சீட்டு, எலும்புமேல் துணியைப் போர்த்திச் சாயம் பூசினது, விரலால் சுண்டினால் மேளத்தோல் மாதிரி டும்மென்கிறது. முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு குட்டிச் சக்கரம். தரையில் மூக்கைத் தூக்கி உட்கார்ந்திருப்பதால் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது, இரண்டு பக்க ஓரத்தையும் பார்த்து நடுவை ஊகிக்க வேண்டும். எண்ணூறு அடியில் ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்து போவேன், கோடு இடது தோளுக்கு நேரே வரும்போது பிரின்சி த்ராட்டிலைப் பின்னால் இழுப்பாள், “அக்கா, இன்ஜின் போச்சு. எங்க இறங்குவீங்க?” கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பைச் சொல்கிற குரலில் சொல்வாள். சொன்னதும் அந்த அமைதி வரும். முழு அமைதி இல்லை, இன்ஜின் பெட்டி தட்டுகிற மாதிரி டொக்டொக்கென்று ஓடிக்கொண்டிருக்கும், கம்பியில் காற்று பாடும், ஆனால் அதுவரை உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய சத்தம் கழன்று விழுந்துவிடும், இருக்கை அடியில் பள்ளம் விழும், அப்போது என் வலது கை போகும். நான் அனுப்புவதில்லை. கண் கோட்டில் இருக்கிறது, இடது கை ஓட்டுகிற குச்சியைப் பிடித்திருக்கிறது, கால் இரண்டும் பெடலில் ஒழுங்காக இருக்கின்றன, இது மட்டும் யாரையும் கேட்காமல் போய் த்ராட்டிலை ஒரு துளி முன்னால் தள்ளிவிட்டு வரும். “அக்கா, கை.” எடுத்துவிடுவேன். “அக்கா, கை!” “எடுத்துட்டேன்ல!” “எடுத்துட்டுத் திரும்ப வெச்சாச்சு. மடியில வைங்க. சர்ச்சுல உக்காந்திருக்கிற மாதிரி.” ஆறாவது தடவை மணிக்கட்டைப் பிடித்தே வைத்துக்கொண்டாள், கோட்டுக்கு நாற்பது அடி முன்னால் புல்லில் விழுந்து குதித்தோம், பல் நாக்கில் பட்டது. ஏழாவது தடவை கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். இருநூறு அடியில் பார்த்தால் கை த்ராட்டிலில் இருக்கிறது. எப்போது வெளியே வந்தது என்றே தெரியவில்லை. பிரின்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அதுதான் தாங்கவில்லை.

அவள் என்னைவிட மூன்று வயசு சின்னவள். ஒரே கான்வென்ட். நான் பத்தாவது படிக்கும்போது அவள் ஏழாவது, மாலைப் படிப்பு நேரத்துக்கு நான்தான் லீடர், சிஸ்டர் ஜெர்மானா வராண்டாவில் ஜெபமாலையோடு நடந்துபோவார்கள், நான் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நிற்பேன். பேசினால் பேர். சிரித்தால் பேர். டெஸ்க்கைத் தட்டினாலும் பேர். கையைக் கட்டு, வாயைப் பொத்து. நான் அடக்கிவைத்த வகுப்பில் மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூட அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும், சிஸ்டர் வாசலில் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள், எனக்கு அப்படி ஒரு பெருமை. “என் பேரை எத்தனை தடவை எழுதியிருப்பீங்க தெரியுமா?” முதல் நாள் பெல்ட்டை மாட்டிவிடும்போதே கேட்டாள் பிரின்சி. “ஒரு தடவை தும்முனதுக்கு எழுதுனீங்க.” “தும்மலா அது, வேணும்னே தும்முன.” “வேணும்னேதான் தும்முனேன். அதுக்கு?” இப்போது கொட்டகைப் பலகையில் அவள் எழுதுகிறாள். ஜெசிந்தா, மறுபடியும். தேதி. ஜெசிந்தா, மறுபடியும். சாக்பீஸைக் கிறீச்சென்று இழுத்து, அடியில் ஒரு கோடு, நான் போடுகிற அதே கோடு, எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்கவே வேண்டாம். அவள் மேல் கோபப்பட முடிந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும். முடியவில்லை, அவள் பார்ப்பதைச் சொல்கிறாள், அவ்வளவுதான். எண்பது பிள்ளைகளை வாயைப் பொத்தவைத்தவளுக்கு ஒரு நிமிஷ அமைதியில் உட்கார முடியவில்லை. கோடு தாண்டும் இடத்திலிருந்து தரை தொடும்வரை எழுபது விநாடி, பிரின்சி கடிகாரத்தில் எடுத்திருக்கிறாள். எழுபது விநாடி கையை மடியில் வைத்திருக்க முடியாத ஒருத்தி.

எழுபது விநாடி என்ன சின்ன நேரமா. எனக்குத் தெரியும் எழுபது விநாடி எவ்வளவு என்று. ஐந்து மாதத்துக்கு முன்னால், இங்கே வருவதற்கு முன், தூத்துக்குடி வீட்டில், ஜொவிக்கு ஒன்பது மாசம், காய்ச்சல், மடியில் போட்டுக்கொண்டு நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தேன், அழுதுகொண்டே இருந்தாள், காலையிலிருந்து அழுகை, எனக்குத் தலை வெடித்தது, கொஞ்சம் சும்மா இரேன்டி என்றேன். சும்மா இருந்தாள். கண் மேலே போய்விட்டது, கை இரண்டும் கம்பி மாதிரி விறைத்தன, வாயோரம் நீலம், மூச்சு எங்கே என்று தெரியவில்லை, வீடு முழுவதும் ஒரு சத்தமும் இல்லை, தெருவில் ஐஸ்காரன் மணி மட்டும். நான் அவளை உலுக்கினேனா, கூப்பிட்டேனா, எதுவும் நினைவில்லை, வலது கையை அவள் நெஞ்சுமேல் வைத்து அழுத்திக்கொண்டு ஏறு, ஏறு, ஏறு என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. ஏறியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார், காய்ச்சலில் பல குழந்தைகளுக்கு வருவதுதான், பயப்பட ஒன்றும் இல்லை, அதுவாகவே சரியாகிவிடும் என்று. அதுவாகவே. அப்படியானால் என் கை என்ன செய்தது. ஒன்றும் செய்யவில்லையாம். இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்ளவே இல்லை, கை ஏற்றுக்கொள்ளவில்லை, அது அன்றையிலிருந்து எங்கே சத்தம் நின்றாலும் அங்கே போய்விடுகிறது. இதை என் புருஷன் எட்வினிடம் சொல்லத்தான் சாயங்காலம் ஃபோனை எடுத்தேன். அவன் வேலை பார்க்கிற கப்பல் டர்பன் துறைமுகத்தில் நிற்கிறது, பின்னால் கிரேன் சத்தம், “என்ன ஜெசி, குரல் ஒரு மாதிரி இருக்கு?” “நாளைக்குக் கடைசி சான்ஸ்.” “முடியலன்னா விட்டுடு, என்ன இப்ப? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், ஃபோனைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டார்கள், அதுதானே பயம். நான் விட்டுவிட்டால் வீட்டில் ஒரு சத்தமும் எழாது. மாமியார் பால் காய்ச்சிக் கொடுப்பார்கள், அம்மா பெருமூச்சுகூட விடமாட்டாள், எல்லாரும் மெல்ல நடப்பார்கள், நான் அந்த அமைதியில் பிள்ளை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இவள் பத்தாவது போகும்வரை. “நீ பயந்துட்டே ஓட்டாத, பிள்ளைக்கு நீ வேணும்” என்றான் கடைசியில். வேண்டும்தான். நாற்பது அடி முன்னால் விழுந்ததற்குப் பதில் நானூறு அடி முன்னால் விழுந்தால், உடைமரத்துக்குள்ளே, யாருடைய கை இவள் நெஞ்சில் இருக்கும். அதைத்தான் நானும் ஏழு தடவையும் நினைத்தேன், கோடு தோளுக்கு நேரே வரும் முன்னால், தவறாமல்.

மறுபடியும் ஊதுகிறது. இப்போது முன்னைவிட உயரத்தில். சனியன், போய்ச் சாத்தித் தொலைக்கலாம், பன்னிரண்டு எட்டுகூட இல்லை, ஆனால் கதவுக்குப் போனால் தொட்டில் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் அடுப்படிச் சுவர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு கை. தூக்காமல் போனால். பாம்பு வரும் என்று பிரின்சி சொல்லியிருக்கிறாள், போன மாசம் கொட்டகையில் விமானத்தின் வால் சக்கரத்துக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்ததாம், சண்முகக்கனி அக்கா புருஷன்தான் கம்பால் தள்ளிவிட்டாராம். இரண்டு விரல் இடுக்கு பாம்புக்குத் தாராளம். பாம்பு என்ன, யாரும் வரலாம். வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேனா. காற்று இறங்குகிறது, சத்தம் தளர்ந்து அடித்தொண்டைக்குப் போகிறது, மறுபடி ஏறுகிறது, கண்ணை மூடினால் வேகம் தெரிகிறது, இது அறுபது, இது ஐம்பத்தைந்து, இதோ இதற்குக் கீழே போனால் இறக்கை கையை விட்டுவிடும். காதுக்கு இவ்வளவு தெரிகிறது. அப்புறம் ஏன் கோட்டுக்கு எட்டாமல் குட்டையாகப் போய் விழுகிறேன். வேகம் சரி, திருப்பம் சரி, மூக்கைத் தூக்கி இழுப்பதும் இல்லை, அந்தத் தப்பைக் கல்லூரி நாளிலேயே விட்டாயிற்று. எதிர்காற்று என்று முதல் இரண்டு தடவை சொன்னேன். “எதிர்காத்து எனக்கும்தான் அடிக்குது” என்றாள் பிரின்சி, ஏறி உட்கார்ந்து கோட்டுமேல் மூன்று சக்கரத்தையும் ஒன்றாக வைத்துக் காட்டினாள், இட்லித்தட்டை மேசைமேல் வைப்பதுபோல. “நீங்க விலகிப் போறீங்கக்கா. ஓடுதளத்தை விட்டு ஏன் ஓடிப்போறீங்க? டேப்பைப் பாருங்க.” இறக்கைக் கம்பியின் நடுவில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறாள், ஓடுதளம் அந்த டேப்பை ஒட்டியே ஓட வேண்டும், எனக்கு அது நழுவி இறக்கை நுனிக்குப் போய்விடுகிறது, தூரம் கூடிவிட்டால் திரும்பி வர உயரம் போதாது, போதாவிட்டால் கை போகும். விலகிப் போகிறேன். தெரியாமல்தான் கேட்கிறேன், ஏன் விலகுகிறேன். டேப்பைப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன், டேப்பும் ஓடுதளமும் சேர்ந்து வருகின்றன, கொட்டகை தாண்டுகிறது, கிணறு தாண்டுகிறது, அப்புறம் வேப்பமரம், அப்புறம் பச்சை.

பச்சை. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் பச்சை. காலையில் வெயில் ஏறும்வரை சண்முகக்கனி அக்கா தொட்டிலைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் உத்தரத்தில் கட்டியிருப்பாள், இதே சேலை, என் அம்மாவின் சுங்குடி, மேலேயிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குப் பச்சை. நான் பார்த்தேன். ஏழு தடவையும் பார்த்தேன். பச்சை அசைகிறதா என்று பார்த்தேன், அசைந்தால் ஆட்டுகிறாள், ஆட்டினால் அழுகிறாள், அழுதால் மூச்சிருக்கிறது. ஐயோ கடவுளே. டேப்பின் வரிசையில் ஒழுங்காகப் பறந்தால் இந்த வீடு என் காலுக்கு அடியில் வந்துவிடும், தரைப்பலகை மறைத்துவிடும், ஒன்றும் தெரியாது, கொஞ்சம் வெளியே விலகினால்தான் இடது ஜன்னலில் மெல்ல நழுவி வரும் மரமும் ஓட்டுக்கூரையும் தாழ்வாரமும். காலால் நான் அழுத்தியிருக்கிறேன், பெடலை, துளித்துளியாக, துணி தெரியும்வரை. பெடலில் கால் ஒழுங்காக இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருந்தேனே. கை பின்னால் வந்து காலின் தப்பைச் சரிக்கட்டியிருக்கிறது, நான் இத்தனை நாளும் கையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பிரின்சிக்குத் தெரியுமா. தெரிந்துதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளா. இல்லை, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள், தும்மலைக்கூட மறக்காதவள். அவளிடம் எப்படிச் சொல்வது, தொட்டிலைப் பார்க்கப் போனேன் என்றா. சண்முகக்கனி அக்காவிடம் சொல்லி நாளைக்குத் தொட்டிலை உள்ளே கட்டச் சொன்னால் பச்சை தெரியாது, தெரியாவிட்டால் இன்னும் வெளியே போய்த் தேடுவேன், என்னை எனக்குத் தெரியும். அங்கேயே தொங்கட்டும். நான்தான் அதற்கு நேர் மேலே போக வேண்டும், பார்க்காமல், அடியில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு மட்டும். எழுபது விநாடி. சொல்வது சுலபம். இப்போதே இந்தக் கையை இங்கிருந்து எடு பார்க்கலாம்.

எடுத்தேன். திரும்ப வைத்தேன். ஏறியது, இறங்கியது. என்ன பிறவி இது, பதினான்கு மாதப் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது, தூங்குவதையும் நான்தான் நடத்துகிறேன் என்று நினைப்பு. இந்த ஐந்து மாதத்தில் என் கை எத்தனை ராத்திரி தூங்கிப்போய்ச் சரிந்திருக்கிறது, காலையில் விழித்தால் இவள் என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். கை இல்லாத நேரத்திலெல்லாம் அந்த நெஞ்சு ஏறித்தான் இருந்திருக்கிறது. எடுத்தேன். மடியில் வைத்தேன். மடியில் அது வேறு யாருடையதோ மாதிரிக் கிடந்தது, உள்ளங்கையில் பிள்ளைச் சூடு ஆறிக்கொண்டிருந்தது. எழுந்தேன், விநாடியை எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. தொட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் விலகிவிடுவேன். அடுப்படிச் சுவர் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் எல்லாம் போய்விட்டது, தொட்டில், விளக்கு, மூச்சு, அந்தப் பள்ளம் அதே இடத்தில் விழுந்தது, இருக்கை இல்லாமலேயே. பன்னிரண்டு, பதிமூன்று. கதவு விம்மிக்கொண்டிருந்தது, பக்கத்தில் போனதும் சத்தம் நெற்றியில் அறைந்தது, மண்வாசனையும் உடைமரப் பூ வாசனையும் இடுக்கு வழியாக முகத்தில் பட்டன. தள்ளிச் சாத்தித் தாழ்ப்பாளை நீட்டினேன், ஓட்டைக்குக் கீழே மரத்தில் முட்டியது, ஒரு விரல்கடை குட்டை. இங்கேயுமா. சிரிப்பு வந்தது, அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. முப்பது. கை திரும்பிப் போகத் துடித்தது, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து போடலாமே, ஓர் எட்டு, ஒரு துளி, யாருக்குத் தெரியப்போகிறது. அக்கா, கை. முப்பத்தைந்து. தோளைக் கொடுத்தேன் கதவுக்கு, முழங்காலை அடியில் அண்டக் கொடுத்தேன், இடது கையால் பிடியைப் பற்றித் தூக்கினேன், பழைய மரம், பிள்ளையைவிடப் பத்து மடங்கு பாரம், கீல் முனகியது, காற்று வெளியிலிருந்து ஒரு முறை முழு பலத்தோடு தள்ளிப் பார்த்தது, நான் விடவில்லை, அவசரப்படவும் இல்லை, காற்று தளர்ந்து சத்தம் மெல்ல இறங்கி வரும்வரை, வேகம் அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது, அந்தக் கடைசிக் கரகரப்பு வரும்வரை தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தேன், பின்னால் ஒரு சத்தமும் இல்லை, இருக்கட்டும். அப்போது வலது கையால் இரும்பைத் தள்ளினேன். தாழ்ப்பாள் ஓட்டைக்குள் முழுசாகப் போய் நின்றது.